பின்னால் போன மோட்டாரும் உன் வருங்கால மாமனாரும்

அன்புள்ள லைலுக்கு, சித்தப்பா ஓர்லின் நிறைந்த மனதோடு எழுதுவது. நானும் உன் சித்தி வெர்னாவும் சுகம். பிரிட்டாவின் அப்பா மிஸ்டர் நைகார்டும் சுகம். கைகால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இதை முதல் வரியிலேயே எழுதிவிடச் சொன்னாள் வெர்னா. வேறு யாராவது போனில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

உன் குடும்பத்து ஆட்களோடு ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரி சொல்வேன் என்று அவர் சொன்னதும், மீன்பிடி சீசன் திறக்கிற சனிக்கிழமை அவரை என்னோடு அனுப்பினாயே, அது நீ செய்த புத்திசாலித்தனமான காரியம். மனிதர் பள்ளிப் பேருந்துகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவர். நீச்சல் தெரியாது. உயிர்காப்புச் சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்து, அதோடேயே உட்கார்ந்து வெர்னா கொடுத்த முட்டையைத் தின்றார்.

அவருக்காகவே படகுக்கு ஒரு டிரோலிங் மோட்டார் தேடினேன். பெட்ரோல் எஞ்சின் சத்தத்தில் ஓடிப்போகிற மீன், இந்த பேட்டரி மோட்டார் வந்தால் பக்கத்தில் வந்து சுகம் விசாரிக்கும். ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர் ஒருவரிடம் பழைய மோட்டார் இரண்டு கிடந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கொடுத்தால் இரண்டையும்தான் கொடுப்பேன் என்றார். வாங்கி வந்து மழைநீர்ப் பீப்பாயில் ஓடவிட்டேன். தண்ணீர் பக்கத்து வீட்டுப் பசு மேல் விழுந்தது. விசிறியைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றின் அச்சில் தூண்டில் நரம்பு பந்து பந்தாகச் சுற்றியிருந்தது. அந்த நரம்பு அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை அறுத்து, மோட்டாருக்குள் தண்ணீரை விட்டுவிடும். அதை உதிரி பாகத்துக்கென்று ஒதுக்கிவிட்டுச் சுத்தமானதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த சூட்சுமம் மினசோட்டா முழுக்க எனக்கும் இன்னொருவருக்கும்தான் தெரியும், அவரும் செத்துப்போனார்.

ஆனால் அது படகின் பின்பக்கத்தில் மாட்டித் தள்ளுகிற மோட்டார். எனக்கோ முன்மூக்கில் மாட்டி இழுக்க வேண்டும். அதற்கு மேலேயுள்ள தலையைக் கழற்றி, அரைவட்டம் திருப்பி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் போகச் சொன்னால் பின்னால் போகும். கொட்டகையில் உட்கார்ந்து, வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டே முடித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன்.

சனிக்கிழமை அணைக்கு மேலேயுள்ள மடுவில் தூண்டில் போட்டோம். பனி உருகி ஆறு கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோல் எஞ்சின் தன் வழக்கப்படி இருமிவிட்டு அடங்கியது. படகு மெல்ல அணைப் பக்கம் நழுவ ஆரம்பித்தது. தாண்டினால் ஆள் தப்பாத அந்த ஆரஞ்சு மிதவை வரிசை, எண்ணிவிடலாம் போல் கிட்டத்தில் தெரிந்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. மோட்டாரை இறக்கி, குமிழை 'முன்னால்' என்று வைத்தேன். படகு பின்னால் போனது. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

"ஸ்கார், அந்தச் சத்தம் என்னது?" என்று என்னைக் கேட்டார் நைகார்ட்.

"அதுவா, அணை. சும்மா அப்படித்தான் இரையும்."

"நாம அதுகிட்ட போயிட்டிருக்கோம்."

"ஆத்து வேகம் ஜாஸ்தி. நான் முழு வேகத்துல முன்னால போயிட்டிருக்கேன்."

"முன்னால போறேன்னு பின்னாலதான் போறீங்க. பின்னால போன்னு வைங்களேன்."

"அணைப் பக்கமா? யாராவது வைப்பாங்களா?"

அவர் தூண்டிலைக் கீழே போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகில் எழுந்து நின்று, மண்டியிட்டு, என் கைக்குக் கீழே கையை விட்டு, குமிழை 'பின்னால்' என்று திருப்பிவிட்டார். நானும் சரியாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிதவைக் கயிறு படகின் பின்பக்கத்தைத் தடவியது. அங்கே ஒரு நொடி நின்றோம். அப்புறம் படகு முனகிக்கொண்டே அணையை விட்டு விலகியது. மெல்லக் கரை சேர்ந்தோம். வாயில் மென்றுகொண்டிருந்த புகையிலையை விழுங்கியிருந்தேன்.

படகுத்துறைக் காப்பிக் கடையில் அவர் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். "காலைல நீங்க தூண்டில்ல மாட்ட மீன்குஞ்சு வாங்கப் போனீங்களே, அப்ப அந்த மோட்டாரைத் திருகித் திருகிப் பார்த்தேன். தொட்டுப் பார்க்காம இருக்க முடியாது எனக்கு, தொழில் புத்தி. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்."

நான் பெருந்தன்மையாக, "பரவாயில்லை நைகார்ட், தெரியாதவங்க தொட்டா அப்படித்தான்" என்று எல்லோரும் கேட்க மன்னித்துவிட்டேன். அவர் கண் கலங்கியது. "என்னால செத்திருப்பீங்க, ஒரு வார்த்தை திட்டலையே. இந்தக் குடும்பத்துக்குப் பொண்ணு கொடுக்கலைன்னா வேற எதுக்குக் கொடுப்பேன்?" என்றார். ஆகவே அக்டோபரில் கல்யாணம். சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டாம்; மேடையில் நாலு வார்த்தை பேசவிட்டால் போதும்.

நீயும் பிரிட்டாவும் ஒருவரையொருவர் தாங்கி, நிறைய மீனோடும் பிள்ளைகளோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்தை முடித்து வைத்த சித்தப்பா,
ஓர்லின் ஸ்கார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வெர்னா கொட்டகைக்குக் கூப்பிட்டாள். உதிரி பாகத்துக்கென்று ஒதுக்கிய மோட்டார் மேசைமேல் இருக்கிறது. அச்சில் தூண்டில் நரம்பு அப்படியே இருக்கிறது. தலை மட்டும் அழகாக, அரைவட்டம் திருப்பி மாட்டியிருக்கிறது. படகில் உள்ளதை நான் தொடவேயில்லை. நைகார்டோ, தான் எதைக் கெடுத்தோம் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சொந்த ஸ்க்ரூடிரைவரோடு வருகிறார். என்னுடையதை வெர்னா ஒளித்து வைத்துவிட்டாள், அவரிடம் உண்மையைச் சொன்னால்தான் தருவாளாம். சொல்லத்தான் போகிறேன். நீ மட்டும் கல்யாணத்தை அதற்கு முந்தின நாள் சனிக்கிழமையே வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்.