ஊதுகுழல் தேவை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. எந்தக் குழுவும் கூடி விவாதிக்காமல் கண்டுபிடித்ததால்தான் இரண்டாலும் இன்றுவரை இத்தனை தொல்லை. நகரப் பண்பாட்டுத் துறை அப்படிப்பட்ட அவசரக்குடுக்கை அல்ல. ஒரு பித்தளை வாத்தியத்துக்கு வாய் தேடிய விஷயத்தில் அது காட்டிய நிதானத்தை, வரலாறு எழுதுகிறவர்கள் எழுந்து நின்று எழுத வேண்டும்.

வாத்தியத்தின் பெயர் ஓஃபிக்ளைடு. சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி மூச்சு போய்விடும். துறையின் பழம்பொருள் கிடங்கில் ஒட்டடைக்கு நடுவே கிடைத்தது. நடுவில் மடங்கிய பெரிய பித்தளைக் குழாய், இடுப்பளவு உயரம், உடம்பெல்லாம் மூடி போட்ட துளைகள். ஒரு காலத்தில் அடித்தொண்டையில் முழங்கி அரங்கங்களை அதிர வைத்ததாம். இப்போது ஒரே ஒரு குறைதான். உதட்டை வைத்து ஊதுகிற மவுத்பீஸைக் காணோம்.

அந்தக் குறை நகர பேண்டின் ட்ரோம்போன்காரரின் தலையில் விழுந்தது. பேண்டில் அவருக்குப் 'பெருமூச்சு' என்று பெயர். ஊதும்போதும் விடுவார், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விடுவார். துறை இயக்குநர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: புதிய அரங்கின் திறப்பு விழாவில் இந்த வாத்தியம் முழங்கினால் பேண்டு இருக்கும். முழங்காவிட்டால் பேண்டு 'மறுசீரமைக்கப்படும்'. மறுசீரமைப்பு என்றால் இழுத்து மூடுவது என்பது பேண்டில் எல்லோருக்கும் தெரியும், காது சரியாகக் கேட்காத டிரம்காரர் உட்பட. பெருமூச்சின் தங்கச்சி அதே பேண்டில் ட்ரம்பெட் வாசித்தாள். அவளுக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது.

அவள் லேத் பட்டறைக்காரரை நச்சரித்து, ஆழமான குழி வைத்து ஒரு மவுத்பீஸ் கடைந்து வாங்கி வந்துவிட்டாள்.

"இந்தாண்ணா. மொதல்ல உன் ட்ரோம்போனோடத வச்சுக் காட்டு, அது நிக்காது. அப்புறம் இத வை. சரின்னு சொல்ல வச்சுட்டு வா. வேற எதுவும் பேசாத."

"நான் என்னத்தப் பேசப்போறேன்?" என்று பெருமூச்சு விட்டார் பெருமூச்சு.

தேர்வுக் குழுவில் இயக்குநரும், ஒரு சொல்லாக்க அதிகாரியும், ஒரு பல் மருத்துவரும் இருந்தார்கள். பொருள் 'வாய்' சம்பந்தப்பட்டது அல்லவா, பல் மருத்துவர் இல்லாமல் எப்படி? பெருமூச்சு முதலில் ட்ரோம்போன் மவுத்பீஸைச் செருகினார். தொளதொளவென்று ஆடியது. தங்கச்சி கொடுத்ததைச் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பல் மருத்துவரின் டீ தளும்பியது. அப்பாடா, பேண்டு பிழைத்தது என்று நினைத்தார்.

"சத்தம் வந்துடுச்சுங்கிறதுக்காக இதுதான்னு சொல்லிட முடியுமா?" என்றார் இயக்குநர்.

"முடியாது," என்றார் பல் மருத்துவர். "இப்ப இவர் பல்லுக்குப் பொருந்துது. நாளைக்கு இவருக்குப் பல்லு விழுந்துட்டா?"

விழாத பல்லுக்காகக் குழு சற்று நேரம் வருந்தியது.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் சொல்லாக்க அதிகாரி. "மவுத்பீஸ்னு கோப்புல எழுத என் கை கூசுது. வாய்த்துண்டுன்னு போடலாமா?"

"வாயை வெட்டுன மாதிரி இருக்கே."

"ஊதுவாய்?"

"நாறவாய்னு காதுல விழுது."

"அப்ப ஊதுகுழல்!"

மூவரும் மேஜையைத் தட்டினார்கள். பெருமூச்சு மெல்ல இழுத்தார். "சார், ஊதுகுழல்னா வேற ஒரு அர்த்தமும் இருக்கு..."

"அர்த்தத்துக்குத் தனியா ஒரு குழு போட்டுக்கலாம்," என்றார் இயக்குநர். லேத்தில் கடைந்த மவுத்பீஸ் 'மாதிரி' என்று பெயர் பெற்று அலமாரிக்குள் போனது. அலமாரி பூட்டப்பட்டது.

"என்னாச்சு?" என்றாள் தங்கச்சி, வாசலிலேயே.

"குழு ரொம்ப ஆக்கபூர்வமா, பல கோணத்துல..."

"அண்ணா, வீட்ல பேசற மாதிரி பேசு."

"அலமாரில வச்சுப் பூட்டிட்டாங்க."

அதன் பிறகு குழு கூடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், ஏன் இன்னும் முடிவாகவில்லை என்று பேண்டுக்கு விளக்குவது பெருமூச்சின் பொறுப்பு. ஆரம்பத்தில் திக்கினார். போகப்போக 'தாமதம்' என்ற சொல் அவர் வாயில் 'முதிர்ச்சி' ஆகிவிட்டது. 'தெரியாது' என்பது 'பரிசீலனையில் உள்ளது' ஆகிவிட்டது. ஒரு நாள் டிரம்காரரே கைதட்டிவிட்டார். அந்தப் பக்கம் போன இயக்குநர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் துறை விளம்பரம் கொடுத்தது: 'ஊதுகுழல் தேவை. உறுதியானதாகவும், எளிதில் பொருந்துவதாகவும், கொடுக்கும் காற்றை மாற்றாமல் வெளியிடுவதாகவும் இருத்தல் வேண்டும்.' மவுத்பீஸ் ஒன்றுகூட வரவில்லை. மேடைப் பேச்சாளர்களும், வாழ்த்துரை எழுதுகிறவர்களும், ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்களும் படிக்கட்டு வரை வரிசையில் நின்றார்கள். சாதாரண அலுவலகமாக இருந்தால் இதைத் தவறு என்று சொல்லியிருக்கும். பண்பாட்டுத் துறை தவறு செய்வதில்லை, எதிர்பாராத வெற்றிதான் பெறும். உடனே நேர்முகத் தேர்வு தொடங்கியது.

கேள்வி ஒன்றே ஒன்று. "திறப்பு விழாவுல வாத்தியம் முழங்காது. ஏன்?"

பேச்சாளர்கள் தொண்டையைக் கனைத்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். அலமாரிச் சாவி கேட்க வந்து ஓரமாக நின்ற பெருமூச்சு, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார்.

"முழங்காதது குறை இல்ல சார். தொன்மையோட மௌனத்துக்கு நாம செய்யற மரியாதை."

இயக்குநர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிரந்தர வேலை, தனி அறை, பெயர்ப்பலகை.

"சார், அந்தச் சாவி..."

"இனிமே எதுக்கு?"

பெருமூச்சுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. தங்கச்சியின் முகம் நினைவுக்கு வந்தபோது வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விழா அன்று ஓஃபிக்ளைடு மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள், வாயில்லாமல், பளபளவென்று நின்றது. பேண்டுக்காரர்கள் சீருடையில், வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கோட்டில் வந்த பெருமூச்சு தங்குதடையில்லாமல் பேசினார். இசையைப் பாதுகாக்கும் நோக்கில் நகர பேண்டு இன்றுமுதல் மறுசீரமைக்கப்படுவதாக அவர் அறிவித்தது அவ்வளவு இனிமையாக இருந்தது. வேலை போனவர்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

தங்கச்சி ட்ரம்பெட்டும் கையுமாக எழுந்து நின்றாள்.

"மவுத்பீஸ் தேடுனீங்களே, என்னாச்சு?"

"ஊதுகுழல் தேர்வு வெற்றிகரமாக நிறைவடைந்துவிட்டது," என்றார் பெருமூச்சு.

"எங்க அது?"

பெருமூச்சு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான்தான்."

அரங்கம் அதிரக் கைதட்டியது. அது ஓயும்வரை அவள் உட்காரவில்லை.

"சரிண்ணா. ஊதுகுழல் நீதான்னா, ஊதறது யாரு?"

பெருமூச்சு, என்ன சொல்ல வேண்டும் என்று முன்வரிசையில் இருந்த இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்.