உள்ளங்கை தேர்ந்தெடுத்த மென்பொருள்

மூன்றாவது மாடி அறை வாசலில் தொடங்கிய வரிசை, படிக்கட்டில் இறங்கி, தெருவில் நின்ற வண்டிகளையும் தாண்டி வளர்ந்திருந்தது. நின்றவர்கள் பாமரர் அல்லர். பட்டம் பெற்றவர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒட்டிய உறைகள் இரண்டு. ஒன்றினுள் காசின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருளின் விவரம். மற்றதனுள் விலைக்கு வாங்கும் வணிக மென்பொருளின் விவரம். நிறுவனத்தின் இணையதளத்தை எதைக் கொண்டு நடத்துவது? அதைத் தீர்மானிக்க மூளை எதற்கு? உள்ளே ஒருவருடைய உள்ளங்கை இருந்ததே!

கைராசி நிபுணர் என்பது அவருக்கு ஊர் சூட்டிய பட்டம். உறையைப் பிரிக்கமாட்டார், கண்களை மூடித் தடவுவார். எது சுடுகிறதோ அது உகந்தது. திறமூலம் இதுவரை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. வணிக மென்பொருளை விற்கும் நிறுவனமே அவ்வறைக்குக் குளிர்சாதனம் மாட்டிக் கொடுத்திருந்தது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே!

பழுதுபார்ப்போருக்கான வார இதழின் முதலாளியும் அன்று வந்திருந்தார். குளிர்பெட்டி முதல் நீர்மோட்டார் வரை சரிசெய்யக் கற்பிக்கும் பன்னிரண்டாண்டுக் கட்டுரைகள் அவருடைய திறமூலத் தளத்தில் இருந்தன. அதைத் தனியாளாகப் பராமரித்தவர், உடன் வந்திருந்த 'தளத்தக்கா'. வணிக மென்பொருள் வந்தால் பராமரிப்பும் அந்த நிறுவனத்திடம் போய்விடும். தளத்தக்கா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். உறைகளை ஒட்டும் வேலையையும் முதலாளி அவரிடமே கொடுத்திருந்தார். தூக்குக்கயிற்றைக் கைதியையே திரிக்கச் சொல்லும் பெருந்தன்மை!

"ஐயா, நாளைக்கு அந்தக் கம்பெனி பிடிக்கலைன்னா, நம்ம கட்டுரையெல்லாம் அள்ளிக்கிட்டு வெளியே வர முடியுமா?" என்றார் தளத்தக்கா.

"அபசகுனமா பேசாதீங்கம்மா. கை சொல்லிடும்."

"கைக்குப் படிக்கத் தெரியுமா?"

"உஷ்!"

அவர்கள் முறை வந்தது; கண்களை மூடித் தடவிய நிபுணரின் கை இடப்பக்க உறையில் நின்றது. "அம்மாடி, என்ன சூடு! காசு குடுத்து வாங்குற பொருளுக்குன்னு ஒரு களை இருக்கு பாருங்க. இன்னொண்ணு பனிக்கட்டி! ஓசியில வந்தது ஓசிதானே!"

முதலாளி சுட்ட உறையைப் பிரித்தார். உள்ளே இருந்தது திறமூலம்.

"உறையை ஒட்டினவங்க மனசு சுத்தமில்லை" என்று குழறினார் நிபுணர்.

"மனசு சுத்தம்தான், தாளைத்தான் மாத்தினேன்" என்றார் தளத்தக்கா. "கம்பெனிக்காரங்க விவரம் எப்பவும் தடி அட்டையில வரும். திறமூலத்தை எல்லாரும் மெல்லிசுத் தாள்ல அச்செடுத்துக் கொண்டாருவாங்க. இன்னிக்கு நான் அப்படியே தலைகீழா வச்சேன். ஐயா, நீங்களே கண்ணை மூடித் தொட்டுப் பாருங்க."

பிரித்ததை மீண்டும் உறைக்குள் வைத்து முதலாளி இரண்டையும் தடவினார். "அட, எனக்கும் தெரியுதே! எனக்கும் கைராசி வந்துடுச்சா?"

"ராசி இல்லைங்க, தடிமன்!"

வரிசையில் நின்றவர்கள் தத்தம் உறைகளைத் தடவினார்கள். சிரிப்பு படிப்படியாக இறங்கித் தெருவுக்குப் போயிற்று. நிபுணருக்குத் திடீரென்று தியான வேளை வந்துவிட்டது; கதவு சாத்தப்பட்டது.

"எப்படியோ, கை திறமூலத்தைத்தானே காட்டுச்சு! அதையே வச்சுக்குவோம். உங்க வேலையும் தப்பிச்சுது. சந்தோஷம்தானே?" என்றார் முதலாளி.

தளத்தக்கா தலையாட்டியிருந்தால் போதும். ஆட்டவில்லை.

"அட்டை ஜெயிச்சுக் குடுத்த வேலை எனக்கு வேணாம் ஐயா. ரெண்டுலயும் பத்துப் பத்துக் கட்டுரை ஏத்திப் பாருங்க. தேடினா கிடைக்குதா, கெட்டுப்போனா யார் வந்து பாப்பாங்க, வேணாம்னா எடுத்துக்கிட்டுப் போக முடியுமா, எல்லாம் பாத்து முடிவெடுங்க. தோத்தா நானே கிளம்புறேன்."

"ஒரு வாரம் ஆகுமேம்மா!"

"பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு ஒரு வாரம் ஆகக்கூடாதா?"

சோதித்தார்கள். வணிக மென்பொருளில் படங்கள் அழகாகத்தான் வந்தன. ஏற்றிய பத்துக் கட்டுரைகளைத் திரும்ப எடுக்கத்தான் வழியில்லை. தளத்தக்காவின் நாற்காலி அசையவில்லை.

மூன்றாவது மாடியில் மறுபடியும் வரிசையாம். நிபுணர் இப்போது உறைகளைத் தொடுவதில்லை, முகர்ந்து சொல்கிறாராம். வரிசையில் நிற்கும் பெருமக்களே! உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பதும் காசின்றிக் கிடைத்ததுதான். அதனால்தான் அதை நம்ப மறுக்கிறீர்கள் போலும். ஒருமுறையேனும் இயக்கிப் பாருங்கள்!