பலெர்மோவுக்கு முதல் வந்தது ஆர்?

சீசா, பலெர்மோ
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரசாந்தினிக்கு, பேர்மிங்காமில் குறை ஏதுமின்றி வாழ இறைவனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. பிள்ளையார் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீ விட்டுப்போன லாப்ரொப்தான் சுகமில்லை. போனில் கதைத்தால் எரிந்து விழுகிறாய் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

வாற ஞாயிறு சங்கத்தின்ரை ஆண்டுவிழா. எங்கடை ஆக்களுக்கை பலெர்மோவுக்கு முதல் வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தப்போயினம். நான்தான் எண்டு நானும், தான்தான் எண்டு மன்னார் ஏர்னஸ்ற்றும் முப்பது வருசமா இழுபடுறது உனக்குத் தெரியும். நீ படிக்கேக்கை வீடுவீடாப் போய் நாற்பது பேரிட்டைக் கேட்டு எழுதினது லாப்ரொப்பிலை டேட்டாபேஸுக்கை கிடக்கு, உனக்கோ ஒண்டும் நினைவில்லையாம். அதைத் திறந்தால் உண்மை வெளிக்கும் எண்டு சங்கத்திலை நெஞ்சை நிமித்திச் சொல்லிப்போட்டன். திறந்தால்தானே! மூண்டு நாளா இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டு வேலை முடிஞ்சு வந்து இதுக்கு முன்னாலைதான் குந்தியிருக்கிறன். டேட்டாபேஸ் கொன்ரெய்னர் எண்டு நீ சொல்லுற ஒரு கம்பியூட்டர் பெட்டிக்கை ஓடுது, அதைக் காட்டுற பக்கம் இன்னொரு கொன்ரெய்னருக்கை ஓடுது, ரெண்டும் பச்சை காட்டுது, ஆனா ஒண்டை ஒண்டு தெரியாதாம். போர்ட் மூடியிருக்கோ எண்டு பார்க்கச் சொன்னாய். அதை நான் வாய்விட்டுச் சொல்ல, துறைமுகமாக்கும் எண்டு நினைச்சு, இண்டைக்கும் வேலைநிறுத்தமோ, கப்பல் ஓடாதோ எண்டு அம்மா குசினியிலை இருந்து கேக்கிறா. மேல்வீட்டு விமலராஜ் வந்து பயர்வோலை நிப்பாட்டுறன் எண்டு எதையோ அமத்த வைஃபை நிண்டுது, அம்மாவின்ரை நாடகம் நிண்டுது, எனக்குத் தேத்தண்ணியும் நிண்டுது.

நேற்று நீ சொன்னதுதான் மண்டைக்கை ஏறினது. "அப்பா, லோக்கல்ஹோஸ்ற் எண்டால் 'இஞ்சை' எண்டு அர்த்தம். ஒவ்வொரு கொன்ரெய்னருக்கும் தான் இருக்கிற இடம்தான் இஞ்சை. இஞ்சை எண்டு தேடினால் அது தனக்குள்ளைதான் தேடும். மற்றதைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ." அந்தப் பேர் கால்சா எண்டாய். பிள்ளை, எனக்குக் கண் கலங்கிப்போச்சு. வந்த புதுசிலை இஞ்சத்தைக் கால்சாப் பகுதியிலை ஒரே அறைக்கை பதினொரு பேர் படுத்தனாங்கள். உருப்படியான சப்பாத்து ஒரு சோடிதான், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு விசாவுக்குப் போறவன் போடுவான். எனக்குப் பெரிசு, ஏர்னஸ்ற்றுக்குச் சின்னன். அப்ப இஞ்சை எண்டால் அந்த அறை. பிறகு சீசா. இப்ப அம்மா பேர்மிங்காமைக்கூட வாய்தவறி இஞ்சை எண்டுதான் சொல்லுறா. நான் திருத்திறேல்லை.

இதை முடிச்சிட்டு லோக்கல்ஹோஸ்ற்றை அழிச்சுக் கால்சா எண்டு அடிக்கப்போறன். ஞாயிறு ஏர்னஸ்ற்றின்ரை முகத்தைப் பார்க்கவேணும்! மருமகனுக்கு எங்கடை அன்பு. வேலை வேலை எண்டு சாப்பாட்டை விட்டுடாதை. நோய்நொடி அண்டாமல் ரெண்டுபேரும் நல்லா இருங்கோ.

இப்படிக்கு,
பலெர்மோவுக்கு முதல் வந்த,
அப்பா தவராசா

பி.கு.: திறந்திட்டுது. முதல் என்ரை பக்கத்தைத்தான் பார்த்தன். நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி வைச்சிருக்கிறாய்: "ஸ்ரேசனிலை இறங்கினன். டிசம்பர் குளிர். ஒருத்தரையும் தெரியாது. ஏர்னஸ்ற் எண்டு ஒருத்தன் வந்து தன்ரை ஜக்கற்றைக் கழட்டி எனக்குப் போர்த்திக் கூட்டிக்கொண்டு போனான்." என்ரை வாயாலை சொன்னது பிள்ளை, எனக்கே மறந்துபோச்சு. வெக்கமாக் கிடக்கு. சங்கத்துக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன், பொன்னாடை ஏர்னஸ்ற்றுக்குத்தான். ஆனா வேறை ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது, நான்தான் போர்த்துவன்.