கிளி போட்ட குஷன் உறை

எனக்குத் தையல் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அலங்காநல்லூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சம்பளம் வாங்கியதே தையல் டீச்சர் என்ற பேரில்தான் என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. (பயிற்சிப் பள்ளியில் என் தையல் பரீட்சைக்குத் தோழி ஒருத்தி தைத்துக் கொடுத்தாள். பதிலுக்கு அவளுக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவள் எங்கேயோ கணக்கு டீச்சராகியிருப்பாள். பாவம் பிள்ளைகள்!)

வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம். என் வேலை நிரந்தரமாகவில்லை. ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: மதுரை சிம்மக்கல்லில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரம். மனிதர் அப்பாவைவிட நாலு வயதுதான் இளையவர். அப்பா அதையும் ஒரு தகுதியாகவே சொன்னார்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் அம்மா வருவதாகக் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா உக்கார்ற நாற்காலியில ஒன் கையால தைச்ச குஷன் இருக்கணும். அதைப் பாத்துத்தான் ஒன் வேலைய நெரந்தரம் பண்ணுவாக. கிளியெல்லாம் போட்டு அம்சமாத் தைச்சிரு தாயி."

"அதுக்கென்ன டீச்சர், ரெண்டே நாள்ல முடிச்சிர்றேன்" என்றேன். வேலைதான் நிரந்தரமில்லையே தவிர, வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

சிவப்புத் துணியில் இரண்டு கிளிகளுக்கு நூல் கோத்தேன். ஒன்று கிளிதான் என்று சத்தியம் செய்யலாம். ("டீச்சர், கிளி எதுக்குக் கத்தரிக்காயக் கொத்துது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "பசிக்குது, கொத்துது" என்றேன்.) உறை தொளதொளவென்று கிடந்தது. மறுநாளுக்கு உப்புப் போட்டு வைத்திருந்த கஞ்சியில் முக்கி, மொடமொடவென்று காயவைத்தேன். இலவம் பஞ்சு வாங்க மதுரைக்குப் போக வேண்டும். பெரிய டீச்சர் வீட்டு முற்றத்திலோ அவர் தம்பி சேது பறித்துப் போட்ட பருத்தி குவிந்து கிடந்தது. கேட்டு வாங்கிவந்தேன். ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? கொட்டையோடு திணித்து வாயைத் தைத்துவிட்டேன். தூரத்தில் வைத்துப் பார்த்தபோது, நானே என்னைத் தையல்காரி என்று நம்பிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா சேதுவின் ஒற்றை மாட்டு வண்டியில் வந்திறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். நெளிந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்னம்மா, உருண்டை உருண்டையா உறுத்துது?"

"எம்ப்ராய்டரி முடிச்சுங்கம்மா."

"கிளி ஓரத்துல இருக்கு. நான் நடுவுல உக்காந்திருக்கேன்." குஷனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உன் விஷயத்தை எழுதணும். வண்டியில வை."

எனக்கு வெல்ல மண்டி வாசனையே வந்துவிட்டது. குஷனைக் கொண்டுபோய் வண்டியிலிருந்த வைக்கோல் மேல் வைத்தேன். நுகத்திலிருந்து அவிழ்த்த காளையைச் சக்கரத்தில் கட்டியிருந்தார்கள். அது என்னைப் பார்த்தது. அழுகிற முகத்தோடு நானும் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தபோது, காளையின் வாயில் ஒரு கிளி தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. "ஐயையோ!" என்று பெரிய டீச்சர் அலறினார். சேது ஓடிவந்தார். கீழே சிதறிக் கிடந்த பருத்திக்கொட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலால் வைக்கோலை இழுத்து அவற்றை மூடிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா! இந்தக் களவாணி மாடு எதையும் விட்டுவைக்காது. போன வாரம் எங்க அக்கா சேலையவே தின்னுருச்சு."

எந்தச் சேலையையும் பறிகொடுக்காத அக்கா, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

'தையல் ஆசிரியையின் கைவேலை, பரிசோதிக்குமுன் காளையால் உண்ணப்பட்டது' என்று இன்ஸ்பெக்டர் அம்மா ரிப்போர்ட்டில் எழுதினார். பிரித்துப் பார்க்காத தையலில் குறை சொல்ல முடியாதே! அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்துபோன அன்று சாயங்காலமே, கஞ்சி விஷயத்தையும் என்னிடம் கறந்துவிட்டு, சேது கேட்டார்: "ஏன் டீச்சர், பருத்திக்கொட்டையும் உப்புக்கஞ்சியும் சேத்து வச்சா எந்த மாடு சும்மா இருக்கும்? நானே அதுக்கு இம்புட்டுப் பக்குவமா வச்சதில்ல."

வெட்கத்தில் அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து அவரையே கல்யாணம் செய்துகொண்டேன்.

இன்றைக்கும் நான் ஊசியை எடுத்தால், "இரு, மாட்டை அவுத்துட்டு வாரேன்" என்பார். என் சமையலைப் பிள்ளைகள் மெச்சினாலோ மனிதருக்குப் பொறுக்காது. உடனே ஆரம்பித்துவிடுவார்:

"ஒங்க அம்மா கைப்பக்குவத்துல மயங்குன மொத ஆளு நானில்லப்பா. நம்ம காளைதான்."