தண்டையல் காதில் விழுந்த அண்ணை

பாரிஸில் கடல் இல்லை என்று சொல்பவர்கள் எங்கள் தண்டையலைச் சந்திக்காதவர்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவர் கால் வைத்த தெருவெல்லாம் கடல்தான். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ தடதடத்துப் போனால் "இண்டைக்கு அலை பெரிசு" என்பார். சிவப்பு விளக்கை மதிக்கவே மாட்டார். பாய்மரக்காரனுக்கு என்ஜின்காரன் வழி விட வேண்டும் என்பது கடல் சட்டமாம். நடந்து போகிறவர் பாய்மரம், கார் என்ஜின். இதை நடுத்தெருவில் நின்று பேருந்து ஓட்டுநருக்கு விளக்கியும் இருக்கிறார்.

அவர் துருக்கிக்காரர். ஏஜியன் கடற்கரையில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன நேரத்தைவிடப் படகில் போன நேரமே அதிகம் என்று பெருமையாகச் சொல்பவர். அட்லாண்டிக்கைப் பாய்ப்படகில் தனியாகக் கடந்தவர். அந்தக் கதையை அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அலை ஒரு முழம் உயரும். ஒரு பிரெஞ்சுப் பெண்ணைத் தேடித்தான் பாரிசுக்கு வந்தாராம். "வந்தன். காத்து மாறிப்போச்சு." இதற்கு மேல் அந்தக் கதையில் ஒரு சொல் வராது. பிறகு பாரிஸின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் ஒரு பழைய படகைக் கட்டி, அதிலேயே படுத்து, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பாய்க்கப்பல் தலைவனை எங்கள் ஊரில் தண்டையல் என்பார்கள். எங்கள் முதலாளி யோகண்ணை அந்தப் பெயரை அவருக்கு வைத்தார்.

நான் 2009 யுத்தத்துக்குப் பிறகு இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் யோகண்ணையின் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளை மீசை ஓடி வந்தது.

"என்ஜினை நிறுத்து! வால்வு வெடிக்கப் போகிறது!" என்று உடைந்த பிரெஞ்சில் கத்தியது.

ரொட்டி கொத்தும் என் இரண்டு தகடுகளும் இரும்புக் கல்லில் போட்ட சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டவர், டீசல் என்ஜின் பழுது என்றே முடிவு கட்டியிருக்கிறார். அந்தப் பழுதான என்ஜினில் ஒரு தட்டுத் தின்றுவிட்டு, மறுநாளும் வந்தார். அதன்பிறகு தினமும் வந்தார். என் பிரெஞ்சும் அவர் பிரெஞ்சும் ஒரே தரம். ஒரு வருடத்துக்குள் அவர் அதைக் கைவிட்டு எங்கள் தமிழுக்கே வந்துவிட்டார்.

முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் நடந்தது. "அண்ணை, உறைப்புப் போடவோ?" என்று கேட்டேன். மனிதர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். துருக்கி மொழியில் 'அன்னெ' என்றால் அம்மாவாம். குசினிக்குள் மீசை வைத்த தடியன்கள் நாள் முழுக்க "அம்மா, வெங்காயம்! அம்மா, அந்தச் சட்டியை இறக்கு!" என்று ஒருவரையொருவர் கூப்பிடுவதாகத்தான் அவ்வளவு நாளும் அவருக்குக் கேட்டிருக்கிறது. அண்ணை என்றால் அண்ணன் என்று எத்தனையோ தரம் விளக்கினேன். ஒவ்வொரு தரமும் தலையாட்டிவிட்டு, "ஓம். ஆனா நீ அம்மா எண்டுதான் சொல்லுறாய்" என்பார்.

ஒருநாள் ஒரு செய்தியோடு வந்தார். கோடைகாலங்களில் அவர் படகு கற்பிக்கப் போகும், பிரான்சுக் கரைக்கு அப்பாலுள்ள தீவு ஒன்றில், ஓட்டலுக்குச் சமையல்காரன் தேவையாம். நிரந்தர வேலை, தங்குவதற்குத் தனி வீடு.

ஊரில் என் மனைவி சுமதி காத்திருந்தாள். அவளை இங்கே கூப்பிட அதிகாரிகளுக்கு நிரந்தர வேலையும் வீடும் காட்ட வேண்டும். என்னிடம் இருந்ததோ அரைநேர வேலையும், கூட்டாளிகளோடு படுக்கும் அறையில் ஒரு கட்டிலும்.

"ஓம் அண்ணை, போறன்! எந்த மெத்ரோ எடுக்கோணும்?"

"ரயில். பிறகு கப்பல்."

"அப்ப வேண்டாம்."

யோகண்ணை கல்லாவிலிருந்து எழும்பிவிட்டார். "டேய், உனக்கென்ன விசரோ?"

பைத்தியம் இல்லை, பயம். துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுக்கு ரப்பர் படகில் ஏற்றப்பட்டவன் நான். நடுக்கடலில் என்ஜின் நின்றது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. எப்படியோ கரை சேர்ந்தோம். அதன்பிறகு கால்வாய்ப் பாலத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பேன். இதை நான் சொல்லி முடித்ததும் தண்டையல் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அது என்ர கடல். என்ர கடல் உன்னைப் பயப்பிடுத்திப் போட்டுது. பிழை எங்கட பக்கம். நான் திருத்துவன்."

என் சம்மதத்தை அவர் கேட்கவே இல்லை. மறுநாள் காலை, கடை திறக்கும் முன்னே, அரிசி மூட்டை இழுக்கும் தள்ளுவண்டியில் என்னை உட்கார வைத்தார். மடியில் வெங்காயம், கையில் கத்தி. "அலை!" என்று கத்திக்கொண்டு வண்டியை ஆட்டுவார். ஆட்டத்தோடு ஆட்டமாக நான் வெங்காயம் அரிய வேண்டும்.

"தண்டையல், விரலும் சேர்ந்து கறிக்குள்ளை விழுந்தா ஆர் பொறுப்பு?" என்றார் யோகண்ணை.

"கடலிலை புகார் சொல்லுற ஆளை இறக்கி விடுவம்" என்றார் தண்டையல். சொந்தக் கடைக்குள்ளேயே யோகண்ணை ஓரமாக ஒதுங்கி வண்டிக்கு வழி விட்டார்.

பிறகு நீர்த்தேக்கம். என் மடியளவே இருந்த வெள்ளைப் படகு. சுற்றிலும் பாலர் பள்ளிக் கூட்டம் தனித்தனிப் படகுகளில் பட்பட்டென்று திரும்பிப் போகிறது. நான் விளிம்பைப் பிடித்த பிடியில் படகு ஒரு பக்கம் சாய்ந்து, இலை அசையாத நாளில் கவிழ்ந்தது. "ஐயோ அண்ணை!" என்று கத்தியதுதான் தெரியும். தொப்பியும் சப்பாத்துமாக மனிதர் கரையிலிருந்து குதித்தார்.

"அன்னெ இஞ்சை நிக்கிறன்! அன்னெ இஞ்சை நிக்கிறன்!"

காவலாளி வந்து இரண்டு பேரையும் ஏசினான். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோதே தண்டையல் படகை நிமிர்த்திவிட்டார். "திரும்ப ஏறு." ஏறினேன். அடுத்த வாரமும் ஏறினேன். ஆனாலும் பயம் போகவில்லை.

ஓட்டல்காரி என்னை நேரில் பார்க்கக் கூப்பிட்ட நாளில் நல்ல காற்று. துறைமுகத்தில் என் கால்கள் ஊன்றி நின்றுவிட்டன. "ஏலாது அண்ணை" என்றேன். அவர் வாதாடவில்லை. என் கத்திப் பொதியைப் பறித்துக்கொண்டு விறுவிறுவென்று கப்பலில் ஏறிவிட்டார். சமையல்காரன் கத்தியை விட்டுவிட்டு நிற்பானா? பின்னால் ஓடினேன். கதவு மூடியது.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதும் தண்டையலின் முகம் வெளுத்தது. அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த மாவீரர் ஒரு பைக்குள் தலையை விட்டார்.

"சுக்கான்... என்ர கையிலை இல்லாட்டி... எனக்கு இப்பிடித்தான்."

நான் ஓடித் தண்ணீர் கொண்டுவந்தேன், தேசிக்காய் வெட்டி மூக்கில் பிடித்தேன், நெற்றியைத் தாங்கிக்கொண்டு "அண்ணை, அண்ணை" என்று தடவினேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பாட்டி இரக்கத்தோடு, "உங்கள் அப்பாவா?" என்று என்னைக் கேட்டார்.

பையிலிருந்து தலை நிமிர்ந்தது. "இல்லை. அம்மா" என்றது மீசை. பாட்டி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

கப்பல் நின்ற பிறகுதான் கவனித்தேன்: வழி முழுக்க நான் எந்தக் கைப்பிடியையும் பிடிக்கவில்லை. என் இரண்டு கைகளும் அவர் தலையில் இருந்தன. தண்டையல் மீசையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல எழும்பினார்.

"தமாம், சரி. பயந்தனியோ?"

"அதுக்கு நேரம் கிடைக்கேல்லை அண்ணை."

அந்த வாந்தி நடிப்பா நிசமா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலை கிடைத்தது. மறு வருடம் சுமதியும் வந்தாள். எனக்கு லீவு கிடைக்காததால், பாரிஸிலிருந்து அவளைத் தண்டையலே கூட்டி வந்தார். அவள் கப்பலிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக என் காதைப் பிடித்தாள்.

"இவர் வழி முழுக்க, தான்தான் உங்கட அம்மா, நான் தன்ர மருமகள் எண்டு சொல்லிக்கொண்டு வாறார். ஊரிலை ஒரு மாமி போதாதெண்டு இஞ்சை மீசையோடை இன்னொண்டோ?"

இப்போது தண்டையல் அந்தப் பழைய படகை ஓட்டிக்கொண்டு தெற்கே எங்கோ திரிகிறார். கரைக்கு வந்தால் போன் எடுப்பார். நான் "அண்ணை!" என்பேன். முன்பெல்லாம் அது அண்ணன் என்று திருத்துவேன். இப்போது திருத்துவதில்லை. அவர் காதில் என்ன விழுகிறதோ, அதையேதான் நானும் சொல்கிறேன்.