சொந்தச் சிறகில் வந்தது

ஃப்ரிட்ஜில் வைத்த டப்பாவைக் காணோம். தையற்காரர் மூன்று தட்டையும் துழாவிவிட்டு, வேலைக்குப் போன மனைவிக்குப் போன் போட்டார்.

"அந்தச் சின்ன டப்பா எங்க?"

"சாப்பாட்டுப் பையில இருக்கு. தொட்டுக்க ஏதோ வச்சிருக்கீங்கன்னு எடுத்துட்டு வந்தேன்."

"திறந்துடாத. உள்ள அந்துப்பூச்சி."

அந்த அம்மாள் போனைக் கீழே நழுவவிட்டது இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இதுதான் முதல் தடவை.

துணி தைக்கிறவருக்கு அந்துப்பூச்சி ஜென்ம விரோதி என்பீர்கள். இவருக்கோ அதுதான் உயிர். பொழுது சாய்ந்தால் மொட்டை மாடியில் ஒரு பெட்டியை வைத்து, மேலே விளக்கைப் போடுவார். விளக்குக்கு வரும் பூச்சி உள்ளே விழும். காலையில் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் கண்டுபிடித்துவிட்டுப் பறக்க விடுவார். இன்று விழுந்தது உள்ளூர்ச் சரக்கே இல்லை. இலையுதிர்காலக் காற்றோடு எப்போதாவது கடல் தாண்டி வரும் ஜாதி. படபடத்துச் சிறகைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் குளிரில் வைத்திருந்தார்.

பூச்சிச் சங்கச் செயலாளர் அதைப் பார்க்க வருகிறார். போட்டோவை அவர் நம்பமாட்டார். சொந்தச் சிறகில் பறந்து வந்த பூச்சிதான் என்று அவர் ஒப்புக்கொண்டால் அபூர்வப் பூச்சி கண்டவர்கள் பட்டியலில் தையற்காரர் பெயர் ஏறும். இதுவரை ஆறு முறை எழுதி அனுப்பி, ஆறும் தள்ளுபடி. ஆறாவது, காய்ந்த இலை.

செயலாளரையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டு ஓடினார். மனைவி வேலை பார்ப்பது, போயும் போயும், விளக்குக் கடையில்.

அதற்குள் கேஷியர் பசி தாங்காமல் டப்பாவைத் திறந்திருந்தார். கடையில் முந்நூறு விளக்கு எரிகிறது. பூச்சி எந்த விளக்கைச் சுற்றுகிறது என்று யார் கண்டது?

"எல்லாத்தையும் அணைங்க. ஒண்ணே ஒண்ணு எரியட்டும், தானா அங்க வரும்," என்றார் தையற்காரர்.

அணைத்தார்கள். இருட்டில் கேஷியர் ஏணியில் மோத, ஏணி சரவிளக்கில் மோத, சரவிளக்கு வாடிக்கையாளர் ஒருவர் மடியில் இறங்கியது. எரிந்த ஒற்றை விளக்கு மேனேஜர் நாற்காலிக்கு நேர் மேலே. பூச்சி வந்தது. விளக்கை விட்டுவிட்டு, பளபளத்த அவர் வழுக்கையில் உட்கார்ந்தது.

"அசையாதீங்க சார். லட்சத்துல ஒண்ணு."

"என் தலையா?"

"பூச்சி."

மனைவி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "இவர் யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்க."

செயலாளர் வந்தார். பூதக்கண்ணாடியோடு மேனேஜர் தலையைப் பத்து நிமிஷம் ஆராய்ந்தார்.

"அதே ஜாதிதான். ஆயிரம் மைல் பறந்து வந்திருக்கு," என்று பேனாவை எடுத்தார்.

தையற்காரருக்குக் கண் கலங்கியது. மனைவிகூடத் தூணை விட்டு வெளியே வந்து, "என் வீட்டுக்காரர்தான்," என்றாள்.

கண்ணாடித் துண்டுகளைப் பெருக்க வந்த கிடங்குக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தனை கூட்டம்? கப்பல்ல வந்த புது விளக்குப் பெட்டிங்களப் பிரிச்சதுலேர்ந்து கிடங்கு பூரா இதுதான் பறக்குது. நேத்து ஒண்ணு இந்த அக்கா கைப்பைக்குள்ள பூந்து, இவங்க வீட்டுக்கே போயிடுச்சு."