ரெத்தார் ஐயாவும் என் இடது கையும்

புதுச்சேரியில் சரியான மணி தெரிந்த ஒரே மனிதர் எங்கள் அலுவலகத்து ரெத்தார் ஐயாதான். அலுவலகத்துக்கு ஒரு நாளும் நேரத்தில் வராதவரும் அவரேதான். தினமும் ரயிலடிக்குப் போய், அங்கே தந்தி பார்த்துத் திருத்தி வைக்கும் கடியாரத்தோடு தம் கைக்கடியாரத்தை ஒப்பிட்ட பிறகே வேலைக்கு வருவார். எங்கள் பிரெஞ்சுத் துரை முறைத்தால், "பதினேழு நிமிஷம், நாப்பது செகண்டு லேட்டு, முசே" என்று தம் தாமதத்தைத் தாமே துல்லியமாக அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு நாட்டிலிருந்து வரும் கைக்கடியாரத்தின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஊசி போல ஒரு சின்ன முள் இருக்கும். 'அவான்ஸ்' என்ற பக்கம் தள்ளினால் கடியாரம் முந்தும், 'ரெத்தார்' என்ற பக்கம் தள்ளினால் பிந்தும். இதை அவர் வழியில் போகிறவர்களை நிறுத்தி விளக்குவார். இரண்டு பெயரில் எது அவருக்குப் பொருந்தும் என்று யாரும் யோசிக்கவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பி அரியாங்குப்பத்தில் குடியிருந்த என் மாமனார், தாம் பல வருஷம் கட்டிய கைக்கடியாரத்தை எனக்குப் போட்டார். அது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடியது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ரெத்தார் ஐயாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"கழட்டிக் குடு தம்பி. நாலு நாள்ல தரேன்."

கோழியிறகின் காம்பைச் சீவி, மூச்சை அடக்கி, அந்த முள்ளை மயிரிழை தள்ளினார். என் கடியாரத்தையும் தம் கையிலேயே கட்டிக்கொண்டார். இரண்டாம் வாரம் அது ரயிலடி மணிக்கு அச்சாக ஓடியது. வாங்கி நான் கட்டினேன். மறுநாளே இரண்டு நிமிஷம் முந்திவிட்டது.

திரும்பக் கழற்றி வாங்கிக்கொண்டார். "வாட்ச் மேல தப்பில்ல தம்பி. உன் கை வேற, என் கை வேற. நான் கைய வீசிக்கிட்டு நடக்கறவன். நீ நாள் முழுக்க மேசையில பரப்பி வெச்சிருக்க. வாட்சு படுத்துக் கெடந்தா ஒரு ஓட்டம், நிமிந்து நின்னா ஒரு ஓட்டம். இனிமே உன் கை மாதிரிதான் என் கையும் இருக்கணும்."

அன்று முதல் நான் இடது கையால் காது சொறிந்தால் எதிர்மேசையில் அவரும் சொறிவார். "ரெண்டு பேரையும் ஒரே கொசுதான் கடிக்குதா?" என்றார் துரை. மாலையில் நான் வீட்டுக்குப் போகும்போது பத்தடி பின்னால் கையை என்னைப் போலவே வைத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் என் வீட்டு வாசலுக்கே வந்து என் மனைவி ஞானத்திடம், "ஏம்மா, தம்பி ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்குது?" என்று கேட்டுவிட்டார். அவள் வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள். ஓடுவதற்கு முன்னால் இடது கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ஓடினாள்.

இதற்குள் மாப்பிள்ளையின் கை வெறுமையாக இருக்கும் செய்தி ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மாமனார் வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளே, வாட்ச் எங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் மாமா."

"எந்தக் கடையில?"

"கடையில இல்ல. ஆபீஸ்ல ஒருத்தரு கட்டிக்கிட்டிருக்காரு."

சொன்ன பிறகுதான், கள்ளுக்கடையில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தாலே மேல் என்று தோன்றியது. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. "ஞானம், துணிய எடுத்து வை. ஊருக்குப் போவலாம்" என்றார். அவள் கண் கலங்கி என்னைப் பார்த்தாள். நான் மாமனார் கையைப் பிடித்து, மூன்று தெரு தள்ளியிருந்த ரெத்தார் ஐயா வீட்டுக்கு ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனேன்.

நடுப்பகலில் ரெத்தார் ஐயா கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்து, கன்னத்தின் கீழ் கையை வைத்துப் படுத்திருந்தார். கையில் கடியாரம். எங்களைக் கண்டதும் மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. ஞாயித்துக்கெழமை இந்நேரம் தம்பி தூங்குது. இன்னும் அரை மணி பாக்கி."

மாமனார் அவரைப் பார்த்தார். பக்கத்தில் விழித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் என் இடது கை என்ன செய்தது என்று அதில் எழுதியிருந்தது. எல்லா நாளுக்கும் கடைசி வரி ஒன்றே: "சாயங்காலம்: நேரே வீடு. வழியில் எங்கும் நிற்கவில்லை." மாமனார் அந்த வரியை மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டே போனார். நோட்டை மூடி வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார். போட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து இன்னொரு கடியாரத்தை எடுத்து நீட்டி, ரெத்தார் ஐயா பக்கம் குனிந்து, "நம்மளுதும் கொஞ்சம் பிந்துதுங்க" என்றார் ரகசியமாக.

என் கடியாரம் ஒருவழியாக அச்சாக ஓடி என் கைக்கே திரும்பியது. ஓய்வு பெற்றதும் ரெத்தார் ஐயா காரைக்காலில் மகள் வீட்டோடு போய்விட்டார். எங்களுக்குப் பெண் பிறந்ததை எழுதினேன். ஒரு கார்டு வந்தது. "குழந்தையை இடது கையில்தான் ஏந்துவாய். கடியாரம் பிந்தும். பிந்தினால் பிந்தட்டும், முள்ளைத் தொடாதே. தலையைத் தாங்கிப் பிடி."

அரை நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் எழுதியது. அதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இடது கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.